முதல் குண்டு: ஒரு ரெகுலேட்டர் நாட்குறிப்பு

மார்ச் 2

காற்றுத் துப்பாக்கியில் 30 குண்டு. காற்று அடைத்த சிலிண்டர் 230 பாரில் தொடங்கி 160-ல் நிறுத்தம். ரெகுலேட்டர் (அந்த அழுத்தத்தை ஒரே அளவுக்குக் குறைத்து அனுப்பும் பகுதி) 130. பெல்லட் (ஈயக் குண்டு) 5.5 மி.மீ., எடை 18.13 கிரெயின் (ஏறத்தாழ 1.17 கிராம்). சராசரி வேகம் நொடிக்கு 266.3 மீட்டர். குறைந்தது 263.1, கூடியது 273.8.

அந்த 273.8 முதல் குண்டு. அதை எடுத்துவிட்டால் மிச்சம் 29-க்கும் வீச்சு (கூடியதற்கும் குறைந்ததற்கும் உள்ள வித்தியாசம்) 5.9, திட்ட விலக்கம் (சராசரியைச் சுற்றிச் சிதறும் அளவு) 1.5. எடுக்காவிட்டால் வீச்சு 10.7.

எடுக்கக் கூடாது. இலக்கில் அதுவும்தான் விழுகிறது. 50 மீட்டரில் இந்தப் பெல்லட் ஏறத்தாழ 21 செ.மீ. தாழ்கிறது. வேகம் 1% மாறினால் தாழ்வு 2% மாறும். 7.5 மீட்டர் கூடுதல் என்றால் 2.8%. அதாவது மற்றவை விழும் இடத்துக்கு 12 மி.மீ. மேலே ஒரு ஓட்டை, ஒவ்வொரு தடவையும்.

மார்ச் 3

துப்பாக்கி இரவு முழுக்க அப்படியே இருந்தது. முதல் குண்டு 273.1. இரண்டாவது 266.8.

மார்ச் 5

துப்பாக்கியைக் குறை சொல்வதற்கு முன்னால் வேகம் அளக்கும் கருவி. அந்தக் குரோனோகிராஃப் பேரல் முனையிலிருந்து சரியாக 1 மீட்டரில், தரையில் டேப் ஒட்டி அடையாளம். நேற்றுவரை கண் மதிப்பில்தான் வைத்திருந்தது. தூரம் மாறினால் எண்ணும் மாறும், பெல்லட் முனையை விட்டதுமே வேகம் இழக்கத் தொடங்கிவிடுகிறது.

வெளிச்சம் அதைவிடப் பெரிய தொல்லை. ஒளி உணரும் வகைக் கருவி மினுங்கும் விளக்கில் தடுமாறும். கண்ணுக்குத் தெரியாத மினுக்கம் அதற்குத் தெரிகிறது. டியூப் லைட்டை அணைத்துவிட்டு, பேட்டரியில் எரியும் எல்.ஈ.டி. பட்டையைச் சென்சார்களுக்கு மேலே கட்டியதும், திடீரென்று வரும் 281, 249 போன்ற பைத்தியக்கார எண்கள் நின்றன.

முதல் குண்டு நிற்கவில்லை. 273.4.

இன்னொன்றும் எழுதி வைக்க வேண்டும். ஐந்து குண்டு சுட்டு "வீச்சு 3 தான்" என்று மகிழ்வதில் பொருளே இல்லை. ஒரே துப்பாக்கி, ஒரே திட்ட விலக்கம். 5 குண்டில் வீச்சு சராசரியாக அதன் 2.3 மடங்கு, 10 குண்டில் 3.1 மடங்கு, 30 குண்டில் 4.1 மடங்கு. குண்டு எண்ணிக்கை சொல்லாத வீச்சை யார் காட்டினாலும் நம்ப வேண்டாம். இனிமேல் 30, அல்லது எழுதவே வேண்டாம்.

மார்ச் 6

200 பெல்லட் எடை போட்டாயிற்று. 17.9 முதல் 18.4 கிரெயின் வரை. 0.1 கிரெயின் வித்தியாசத்துக்கு வேகம் கிட்டத்தட்ட 0.7 மீட்டர் மாறும், ஆற்றல் மாறாது என்று வைத்துக்கொண்டால். பாவாடை (பெல்லட்டின் மெல்லிய பின் விளிம்பு) நசுங்கியவை 11, தனியே. ஒரே எடைக் குவியலிலிருந்து 20 குண்டு: முதலாவதைத் தவிர்த்துத் திட்ட விலக்கம் 1.2. ஆதாயம்தான்.

ஆனால் பெல்லட்டுக்குத் தான் முதலாவதா என்று தெரியாதே.

மார்ச் 8

இடைவெளிச் சோதனை. இரண்டு குண்டுக்கு நடுவே எவ்வளவு நேரம் விட்டால் என்ன வேகம். ஒவ்வோர் இடைவெளிக்கும் நான்கு தடவை, சராசரி:

10 நொடி: 266.0
30 நொடி: 266.5
2 நிமிடம்: 267.4
10 நிமிடம்: 269.2
1 மணி நேரம்: 271.9
இரவு முழுக்க: 273-க்கு மேல்

5 நொடிக்குள் அவசரமாகச் சுட்டால் 264. பிளீனம் (ரெகுலேட்டர் தரும் காற்று அடுத்த குண்டுக்காகச் சேரும் அறை) நிரம்பி முடியவில்லை. அது வேறு கணக்கு.

இது படிப்படியாக ஏறுகிறது. கிணற்றில் நீர் ஊறுவது போலக் காற்று ரெகுலேட்டரைத் தாண்டி ஊறுகிறது. ஆனாலும் பேரல்மேல் ஒரு சந்தேகம் இருந்தது. ஓய்வில் ஈயப் படிவும் எண்ணெய்ப் பூச்சும் மாறி முதல் குண்டு வேறாகப் போவதுண்டு. அதைப் பிரித்துப் பார்க்க எளிய வழி: ஓய்வுக்குப் பிறகு பெல்லட் போடாமல் ஒரு தடவை காற்றை மட்டும் விடுவது (ஸ்பிரிங் பிஸ்டன் துப்பாக்கியில் செய்யவே கூடாது, இதில் செய்யலாம்; குழாய் பத்திரமான திசையில்), 30 நொடி பொறுத்து முதல் பெல்லட். மூன்று காலை செய்ததில் 266.9, 266.2, 267.0. பேரல் குற்றவாளி இல்லை.

ரெகுலேட்டர் பக்கத்து மானோமீட்டரும் (அழுத்தமானி) அதையே சொல்கிறது: சுட்டதும் 130, காலையில் 137. சின்ன முள், 2 பாருக்குக் கீழே படிக்க முடியாது, ஆனாலும் கணக்குப் பொருந்துகிறது. அழுத்தம் 5.4% ஏறினால் வேகம் அதில் பாதி, 2.7% ஏற வேண்டும். 2.8% ஏறியிருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க ஆறு நாள்.

மார்ச் 9

துவாரம். ரெகுலேட்டரின் காற்றுப் போக்குத் துவாரத்தைப் பார்க்கவே இல்லை.

மார்ச் 10

ரெகுலேட்டரைப் பிரித்தாயிற்று. வரிசையாக எழுதுகிறேன், அடுத்த தடவை வேண்டும்.

பிரிப்பதற்கு முன் அந்தத் துவாரம். பெல்வில் வாஷர்கள் (பிஸ்டனைத் தள்ளித் திறக்கும் குவிந்த ஸ்பிரிங் வளையங்கள்) இருக்கும் அறை வெளிக்காற்றோடு சேர்ந்திருக்க வேண்டும், அதற்கான ஊசித் துவாரம் அது. பிஸ்டன் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) கசிந்து, துவாரமும் அடைபட்டால், அறையில் சேரும் காற்று வாஷரோடு சேர்ந்து தள்ளும். ரெகுலேட்டர் தரும் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். பார்வைக்கு சீட் (பிஸ்டன் அழுந்தி மூடும் இடம்) கசிவு மாதிரியே இருக்கும். சோப்பு நீர் ஒரு சொட்டு வைத்து பத்து நிமிடம் பார்த்தேன். குமிழ் இல்லை. மெல்லிய கம்பி தடையில்லாமல் போகிறது. ஓ-ரிங் நல்லது.

பிறகு காற்றை இறக்குவது. சிலிண்டரில் அழுத்தம் பூஜ்யம் என்றால் முழுதும் பூஜ்யம் என்று பொருளில்லை. பிளீனத்தில் உள்ள 130 பார்தான் பிஸ்டனை சீட்டோடு அழுத்தி மூடி வைத்திருக்கிறது. சிலிண்டர் காலியானாலும் அது உள்ளேயே நிற்கும். இறக்கும் திருகைக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திறந்து, சத்தம் ஓய்ந்த பின் பெல்லட் இல்லாமல் ட்ரிகரை இழுத்து, இரண்டு முள்ளும் படுத்த பிறகே ஸ்பேனர். இதில் மட்டும் அவசரமே கூடாது.

வாஷர் 14. எதிரெதிராக அடுக்கு. பிரிக்கும்போதே படம் எடுத்து வைத்தேன். ஒன்று புரண்டு பக்கத்ததோடு ஒரே திசையில் சேர்ந்தாலும் அழுத்தம் மொத்தமாக மாறிவிடும்.

சீட் வட்டு டெல்ரின் (கடினப் பிளாஸ்டிக்). லென்ஸ் வைத்துப் பார்த்தால் பிஸ்டன் முனை பதித்த வட்டம் தெளிவாகத் தெரிகிறது. அதை ஓரிடத்தில் குறுக்கே வெட்டி ஒரு கோடு. தலைமுடியளவுகூட இல்லை. பக்கத்தில் பித்தளைப் பொடி ஒன்று புதைந்திருக்கிறது. நிரப்பும் வழியில் வந்திருக்க வேண்டும், வடிகட்டி சீட்டுக்கு அப்புறம்தான் இருக்கிறது.

இவ்வளவுதான். ஒரு பொடி. 12 மில்லிமீட்டர்.

மார்ச் 11

புது வட்டுக்காகக் காத்திருப்பு. பழையதைப் புரட்டிப் போடலாம், பின்பக்கம் தட்டையாகத்தான் இருக்கிறது. போடலாமா?

மார்ச் 12

வட்டு வரவில்லை. புரட்டத்தான் போகிறேன்.

மார்ச் 14

புரட்டினேன். கண்ணாடித் தகட்டின் மேல் 2000 எண் உப்புத்தாள், தண்ணீர், எட்டு போடும் அசைவு, இருபது தடவை. விரலால் ஒரு பக்கம் அழுத்தினால் வட்டு சாய்ந்து தேயும், நடுவில் மட்டும் தொட வேண்டும். பிஸ்டன் முனையைத் துணியில் உலோகப் பாலிஷ் வைத்து மெருகு மட்டும். கூர்மையாக்கவில்லை: முனை கத்திபோல் இருந்தால் டெல்ரினை வெட்டிக்கொண்டே போகும், மூடும் இடம் நாளுக்கு நாள் நகரும். எல்லாவற்றையும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் கழுவி, பஞ்சு நார் ஒட்டாத துணியால் துடைத்து.

ஓ-ரிங்குக்கு சிலிக்கோன் கிரீஸ், பளபளப்புத் தெரியும் அளவு, அதற்கு மேல் வேண்டாம். உயர் அழுத்தக் காற்று படும் இடத்தில் பெட்ரோலிய எண்ணெயோ கிரீஸோ சொட்டுகூடக் கூடாது, அழுத்தத்தில் தீப்பற்றலாம். வாஷர்களுக்கும் மெல்லிய பூச்சு. உலர்ந்திருந்தால் உரசி, ஒவ்வொரு தடவையும் வேறு வேறு அழுத்தத்தில் மூடும்.

முதலில் 50 பார், கசிவு பார்த்து 150, பிறகு 230. மெதுவாக. ஒரேயடியாகத் திறந்தால் புது முகத்தில் பிஸ்டன் அடித்து மோதும். வடிகட்டியை நிரப்பும் முனைக்கே கொண்டுவந்தாயிற்று.

மார்ச் 16

காலை முதல் குண்டு 267.9. மற்றவை 266.0.

1.9 தான் கூடுதல்! நேற்று 60 குண்டு சுட்டது சீட் பதிவதற்கு. இன்னும் பதியும்.

மார்ச் 17

இப்போதுதான் ஹேமர் (வால்வை அடித்துத் திறக்கும் சுத்தியல்) ஸ்பிரிங்கைத் தொடலாம். ஊறும் ரெகுலேட்டரை வைத்துக்கொண்டு ஹேமரைத் திருகினால், எதைச் சரி செய்கிறோம் என்றே தெரியாது. திருகை அரை அரைச் சுற்றாகத் தளர்த்தி, ஒவ்வோர் இடத்திலும் 10 குண்டு, 20 நொடி இடைவெளி:

0: 267.0
½: 267.1
1: 266.4
1½: 265.2
2: 262.6
2½: 258.1
3: 251.0

முதல் ஒரு சுற்று வெறும் விரயம். வால்வு தேவைக்கு மேல் திறந்து கிடக்கிறது, பெல்லட் குழாயை விட்டுப் போன பிறகும் காற்று கொட்டுகிறது, வேகம் ஏறவில்லை. வேகம் அதிகம் மாறாத அந்த மேட்டில் வேகத்தை முடிவு செய்வது பிளீனத்து அழுத்தம் மட்டுமே. அழுத்தம் ஏறினால் வேகமும் ஏறும். முதல் குண்டு கூடுதலாக வந்ததற்கு இதுவும் பாதிக் காரணம்.

அதற்கப்புறம் வேகம் விழும் சரிவில் நேர்மாறு. அழுத்தம் ஏறினால் வால்வை மூடி வைக்கும் விசையும் ஏறும், அதே ஹேமர் அடி வால்வைக் குறைவாகத் திறக்கும், வேகம் இறங்கும். இரண்டுக்கும் நடுவே, மேடு முடிந்து சரிவு தொடங்கும் விளிம்பில், ஒன்றை ஒன்று ஈடுகட்டும். உச்சத்தில் 97 முதல் 98% வரை அந்த இடம். இங்கே 2¼ சுற்று.

மார்ச் 18

2¼ சுற்றில் 30 குண்டு. சராசரி 260.6. வீச்சு 3.6. திட்ட விலக்கம் 0.9.

0.9.

230-லிருந்து 130 வரை 54 குண்டு வருகிறது, முன்னால் 42. சத்தமும் குறைந்திருக்கிறது.

மார்ச் 19

காலை முதல் குண்டு 258.7.

இப்போது குறைவு. நேற்று இரவு எழுதியதைக் கிழித்துப் போட வேண்டும் போலிருக்கிறது.

மார்ச் 20

நிதானமாக. குறைவுக்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, இன்னும் கொஞ்சம் ஊறுகிறது, சரிவில் இருப்பதால் வேகம் இறங்குகிறது. இரண்டு, ஹேமர் ஓய்வில் ஒட்டிக்கொள்கிறது. பிரித்தறிய: காலையில் சுடாமல், பெல்லட் போடாமல், ஹேமரை ஐந்து தடவை இழுத்துக் கையால் பிடித்தபடி மெதுவாக விட வேண்டும். ஒட்டல் விடுபடும், பிளீனத்து அழுத்தம் மாறாது. அப்புறம் சுட வேண்டும்.

260.1.

ஆக, பெரும்பங்கு ஹேமர். கழற்றிப் பார்த்தால் பழைய கிரீஸ் கெட்டியாகி, ஸ்பிரிங் பக்கவாட்டில் உரசிய பளபளப்புக் கோடு. துடைத்து, எண்ணெய் எதுவும் இல்லாமல் மாலிப்டினம் டைசல்பைடு பொடி தேய்த்தேன். ஸ்பிரிங் முனைகளைத் தட்டையாக்கியாயிற்று. வெட்டிய முனை கூராக நின்றால் ஸ்பிரிங் அழுந்தும்போது வளையும், ஒவ்வொரு தடவை ஒவ்வொரு பக்கம்.

மார்ச் 21

மழை. அளவில்லை.

மார்ச் 22

காலை 259.8. மற்றவை 260.7.

சிலிண்டர் 130-க்குக் கீழே இறங்கிய பிறகும் சுட்டுப் பார்த்தேன். 126-ல் வேகம் 261.9 வரை ஏறி, பிறகு சரிந்தது. சரிவில் இருப்பதன் அடையாளம். மேட்டில் வைத்திருந்தால் 130 தாண்டிய உடனே இறங்கத் தொடங்கியிருக்கும்.

மார்ச் 24

வெப்பநிலை! மூடிய பிளீனத்தில் 5 டிகிரி ஏறினால் 130 பார் 132 ஆகும், சீட் துளிகூடக் கசியாவிட்டாலும். இறங்கினால் ரெகுலேட்டர் திறந்து நிரப்பிக்கொள்ளும், ஏறினால் வெளியே விட வழியில்லை. விடியலில் குளிர்ந்து நிரம்பி, நடுப்பகலில் சூடானால் அந்த நாளின் முதல் குண்டு தானாகவே மாறும். இத்தனை நாள் காலை எண்ணையும் மதிய எண்ணையும் ஒரே வரிசையில் எழுதி வந்திருக்கிறேன். இனி ஒவ்வொரு வரியிலும் டிகிரி.

மார்ச் 25

22 டிகிரி. 260.2.

மார்ச் 26

22 டிகிரி. 260.4. இரண்டாவது 260.9.

மார்ச் 27

புது வட்டு வந்துவிட்டது. பெட்டியைத் திறக்கவில்லை. பதிந்து வரும் சீட்டை இப்போது மாற்ற மாட்டேன்.

மார்ச் 28

22 டிகிரி. முதல் குண்டு 260.7, சராசரி 260.6. சிலிண்டர் 180. நிரப்பாமல், தொடாமல், 48 மணி நேரம் வைக்கிறேன். ரெகுலேட்டர் முள் இப்போது 130.