பரிணாமப் பாடத்தை நான் படித்த வரிசை

பன்னிரண்டாம் வகுப்பில் பரிணாமம் பாடத்தைப் பலரும் கடைசி வாரத்துக்குத் தள்ளிவைக்கிறார்கள். பெயரும் வருடமும்தானே, ஒரே ராத்திரியில் உருப்போட்டுவிடலாம் என்ற நினைப்பு. அப்படிப் படித்தால் நேரடிக் கேள்விக்குப் பதில் வரும், ஆனால் நீட்டில் நான்கு கூற்றுகளைக் கொடுத்து எது சரி என்று கேட்கும்போது எல்லாம் சரி போலவே தெரியும். நான் இதைப் புத்தக வரிசையில் படிக்கவில்லை. யார் எதைச் சொன்னார், அவருக்கு எது தெரியாமல் நின்றது, அதை அடுத்து யார் தீர்த்தார் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே போனேன், அப்புறம் பாதி மனப்பாடம் தேவையே படவில்லை.

பிரெஞ்சு இயற்கையியலாளர் லமார்க்கிலிருந்து ஆரம்பியுங்கள். அவருடைய புத்தகம் வந்தது 1809, டார்வின் பிறந்ததும் அதே வருடம், ஒரு எண்ணில் இரண்டு வேலை முடிந்தது. எட்டி எட்டி இலை தின்றே ஒட்டகச்சிவிங்கிக்குக் கழுத்து நீண்டது என்ற கதையைச் சொல்லி அவரைக் கோமாளி ஆக்கிவிடுவது எனக்குப் பிடிக்காது, உயிரினங்கள் மாறுகின்றன என்று அந்தக் காலத்திலேயே துணிந்து எழுதியவர் அவர். எப்படி மாறுகின்றன என்ற இடத்தில்தான் தவறிவிட்டார். வாழ்நாளில் பெற்ற பண்பு பிள்ளைக்குப் போகும் என்றார். ஜெர்மன் உயிரியலாளர் வெய்ஸ்மான் தலைமுறை தலைமுறையாக எலிகளின் வாலை வெட்டிப் பார்த்தார், குட்டிகள் வாலோடுதான் பிறந்தன. உடல் செல்லில் நடப்பது இனச்செல்லுக்கு (முட்டை, விந்து) போவதில்லை என்ற அவருடைய கருத்தைப் பிடித்துக்கொண்டால் லமார்க் தொடர்பான கேள்விகள் முடிந்தன.

டார்வின் பகுதியில் கொஞ்சம் நின்று படியுங்கள். பீகிள் கப்பல் பயணம் 1831 முதல் 1836 வரை, அதில் காலபாகஸ் தீவுகளில் இருந்தது 1835-இல் ஐந்து வாரம் மாதிரிதான். அங்கே குருவிகளைப் பார்த்ததும் இயற்கைத் தேர்வுக் கொள்கை (சூழலுக்குப் பொருந்தும் பண்பு உள்ளவை பிழைத்துப் பெருகும் என்பது) பளிச்சென்று வந்துவிட்டது என்று வகுப்பில் சொல்வார்கள், அப்படி இல்லை. எந்தக் குருவி எந்தத் தீவில் பிடித்தது என்றுகூட அவர் ஒழுங்காகக் குறித்துவைக்கவில்லை. லண்டன் திரும்பிய பிறகு 1837-இல் ஜான் கூல்ட் என்ற பறவையியலாளர்தான் அவை ஒரே கூட்டத்தைச் சேர்ந்த தனித்தனி இனங்கள் என்று சொன்னார். 1838-இல் மால்தஸின் மக்கள்தொகைக் கட்டுரையைப் படித்தபோது போட்டி என்ற துண்டு சேர்ந்தது. பிறகு இருபது வருடம் அந்தக் கொள்கையை வெளியிடாமலே வைத்திருந்தார். 1858-இல் மலாய்த் தீவுகளிலிருந்து வாலஸ் என்ற இயற்கையியலாளர் அனுப்பிய கட்டுரையில் அதே கருத்து இருக்கவே, ஜூலை 1 அன்று லின்னேயன் சங்கத்தில் இருவர் எழுத்தும் சேர்த்து வாசிக்கப்பட்டது, மறுவருடம் நவம்பரில் டார்வினின் புத்தகம் வந்தது.

இப்போது டார்வினுக்குத் தெரியாதது எது? வேறுபாடு எப்படி வருகிறது, எப்படிக் கடத்தப்படுகிறது என்பது. பெற்றோர் பண்பு பாலும் டிகாஷனும் போலக் கலந்துவிடும் என்றுதான் அன்றைக்குப் பொதுவாக நினைத்தார்கள். அப்படிக் கலந்தால் புதிதாக வந்த நல்ல பண்பு தலைமுறைக்குப் பாதியாக நீர்த்துப் போகுமே, இயற்கை எதைத் தேர்ந்தெடுக்கும் என்று 1867-இல் ஜென்கின் என்ற பொறியாளர் கேட்டார். பதில் மெண்டலின் 1866 கட்டுரையில் ஏற்கெனவே இருந்தது, பண்பைக் கடத்தும் காரணிகள் (இன்றைய மரபணுக்கள்) கலப்பதில்லை என்று. அதை 1900-இல்தான் மூன்று பேர் திரும்பக் கண்டெடுத்தார்கள். அந்த மூவரில் ஒருவரான டீ வ்ரீஸ்தான் சடுதிமாற்றக் (மரபுப் பண்பு திடீரென்று மாறுவது) கொள்கைக்காரரும். அவர் ஆராய்ந்த செடி ஈனோதீரா லாமார்க்கியானா, பெயரைப் பார்த்து லமார்க் என்று டிக் அடித்துவிடாதீர்கள்.

மாணவர்கள் அதிகம் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. "பாக்டீரியா மருந்துக்குப் பழகிக்கொண்டு எதிர்ப்புத்திறன் பெற்றது" என்ற கூற்றைச் சரி என்பார்கள், கேட்கவும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது அப்படியே லமார்க். சடுதிமாற்றத்தால் எதிர்ப்புத்திறன் உள்ள சில செல்கள் மருந்து வருவதற்கு முன்பே கூட்டத்தில் இருக்கும், மருந்து மற்றவற்றைக் கொல்லும், மிஞ்சியவை பெருகும். 1952-இல் லெடர்பெர்க் தம்பதி இதைச் சோதனையில் காட்டினார்கள். "பழகிக்கொண்டது", "தேவைக்காக மாறியது" என்று வந்தாலே உஷாராகிவிடுங்கள்.

அமைப்பொத்த உறுப்பு (தோற்றம் ஒன்று, வேலை வேறாக இருக்கலாம்), செயலொத்த உறுப்பு (வேலை ஒன்று, தோற்றம் வேறு) இரண்டிலும் எடுத்துக்காட்டை மட்டும் பட்டியலாகப் படிக்காதீர்கள். வௌவால் இறக்கையும் பறவை இறக்கையும் முன்னங்கால் எலும்பாகப் பார்த்தால் அமைப்பொத்தவை, பறக்கும் இறக்கையாகப் பார்த்தால் செயலொத்தவை, ஏனென்றால் பறத்தல் இரண்டிலும் தனித்தனியாக வந்தது. கேள்வி எதை ஒப்பிடுகிறது என்று பார்த்த பிறகே விடைக்குப் போங்கள். உருளைக்கிழங்கு தண்டு, சர்க்கரைவள்ளி வேர், அதனால் செயலொத்தவை. காகிதப்பூவின் முள்ளும் பூசணியின் பற்றுக்கம்பியும் அமைப்பொத்தவை.

ஒரு கூட்டத்தில் ஒரு மரபணுவின் இரண்டு வடிவங்கள் எவ்வளவு என்று கேட்கும் ஹார்டி-வீன்பெர்க் கணக்குக்குப் பயப்பட வேண்டாம், வருவது ஒரே மாதிரிதான். ஓங்கு வடிவத்தின் பங்கு பி, ஒடுங்கு வடிவத்தின் பங்கு கியூ. ஒடுங்கு பண்பு (பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும்) உள்ளவர்கள் 16 சதவீதம் என்றால் அந்த 0.16 என்பது கியூ இல்லை, கியூ ஸ்கொயர். வர்க்கமூலம் எடுத்தால் கியூ 0.4, பி 0.6, கலப்புயிரிகள் (இரண்டு வடிவமும் உள்ளவர்கள்) 2பிகியூ, அதாவது 0.48. ஓங்கு பண்பு 84 சதவீதம் என்று கொடுத்தால் முதலில் 100-இல் கழித்துவிட்டு இதே வழியில் போங்கள், 84-க்கு நேராக வர்க்கமூலம் எடுக்கத் தோன்றும், எடுக்காதீர்கள்.

மனிதப் பரிணாமத்தில் மண்டையோட்டுக் கொள்ளளவு (பழைய மனித இனங்களான ஹோமோ ஹேபிலிஸ் 650 முதல் 800 சிசி, ஹோமோ எரெக்டஸ் 900, நியாண்டர்தால் 1400) மட்டும் உருப்போட்டே ஆகவேண்டும், இதற்கு எந்த வரிசையும் எனக்குக் கைகொடுக்கவில்லை. தேர்வுக்கு முந்தைய நாள் ஒரு முறை பார்த்தால் போதும்.