வரைபடத்தில் விழும் ஒரு புள்ளி

கணக்குப் பாதுகாப்புப் பிரிவில் பணிபுரியும் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி, "இந்த ஐபி முகவரி யாருடைய வீடு?" என்பதுதான். இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண்தான் ஐபி முகவரி. கேட்பவர்கள் பெரும்பாலும் தங்கள் கணக்கில் வேறு யாரோ நுழைந்துவிட்டதால் கலங்கிப்போனவர்கள். நாட்டை ஏறக்குறைய உறுதியாகவும், ஊரைத் தயக்கத்துடனும் சொல்ல முடியுமே தவிர, வீட்டைச் சொல்லவே முடியாது என்று அவர்களுக்குப் புரியவைப்பதுதான் இந்தப் பணியின் கடினமான பகுதி.

முகவரித் தொகுதிகளை உலகின் ஐந்து மண்டலப் பதிவகங்கள் நிறுவனங்களுக்கு ஒதுக்குகின்றன. ஒரு தொகுதி யாரிடம் இருக்கிறது என்பதைப் பதிவேடு சொல்லும். அதிலுள்ள ஒரு முகவரி இன்று எந்தத் தெருவில் பயன்படுகிறது என்பதைச் சொல்லாது. அந்த இடைவெளியைத்தான் இடங்காட்டும் தரவுத்தளங்கள் ஊகத்தால் நிரப்புகின்றன. தகவல் போய்வரும் நேரமும் அவற்றுக்கு ஒரு தடயம்: கண்ணாடி இழையில் ஒளி ஒரு மில்லிநொடிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் செல்வதால், போக 5, வர 5 என 10 மில்லிநொடியில் பதில் தந்த கருவி 1000 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க வழியில்லை. ஆனால் அதற்குள் எங்கே இருக்கிறது என்பதை ஓர் அளவீடு மட்டும் சொல்லாது. இணைப்பை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் விபிஎன் இருந்தால் அளக்கப்படுவதே அந்தச் சர்வர்தான்.

இந்த வரம்பை மறந்தால் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்துப் பண்ணை வீடு ஒன்றை எங்கள் பிரிவில் புதிதாகச் சேருபவர்களுக்கு எப்போதும் சொல்கிறேன். 'அமெரிக்கா' என்பதற்கு மேல் எதுவும் தெரியாத முகவரிகளுக்கெல்லாம், இத்தகைய தரவுத்தளம் ஒன்றை வழங்கும் மேக்ஸ்மைண்ட் நிறுவனம் நாட்டின் நடுவே, 38 டிகிரி வடக்கு, 97 டிகிரி மேற்கு என ஒரு பொதுப்புள்ளியை வைத்திருந்தது. அப்புள்ளி அந்த வீட்டருகே விழுந்தது. 60 கோடிக்கும் மேற்பட்ட முகவரிகள் அங்கே சுட்டிக்காட்ட, மோசடியில் ஏமாந்தவர்களும் புலனாய்வு அதிகாரிகளும் ஆண்டுக்கணக்கில் அந்த வாசலைத் தேடி வந்தார்கள். 2016இல் செய்தி வெளிவந்த பிறகே புள்ளி ஓர் ஏரிக்கு நகர்த்தப்பட்டது. 'தெரியாது' என்று எழுத வேண்டிய இடத்தில் ஓர் எண்ணை எழுதியது எவ்வளவு பெரிய அநீதி!

ஆகவே எங்கள் அறிக்கைகளில் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை நான் அனுமதிப்பதில்லை. நாடு, வலையமைப்பின் பெயர், பிழை ஆரம் (ஊகம் எத்தனை கிலோமீட்டர் தவறியிருக்கலாம் என்ற அளவு) ஆகியவை போதும். அதைவிட முக்கியமாக, லாகின் பதிவுகளில் நொடி வரையிலான நேரத்தையும், ஒரே முகவரியிலுள்ள இணைப்புகளைப் பிரித்துக்காட்டும் போர்ட் எண்ணையும் சேமிக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறேன். கைபேசி இணையத்தில் ஒரே பொது முகவரியைப் பலர் ஒரே வேளையில் பகிர்ந்துகொள்கிறார்கள்; சட்டப்படியான கோரிக்கை இணையச் சேவை நிறுவனத்துக்குப் போகும்போது, இவ்விரண்டும் இல்லையென்றால் அவர்களாலேயே அந்தச் சந்தாதாரரைப் பிரித்தறிய முடியாமல் போகலாம்.