கார் வாட்டர் பம்ப் பழுதான வாரம்

மே 9, 2024, வியாழன்

அப்பாவோடு காரில் திருச்சியிலிருந்து சென்னைக்குக் கிளம்பினேன். அக்னி நட்சத்திர வெயில். உளுந்தூர்பேட்டையை நெருங்கும்போது டெம்பரேச்சர் முள் நடுவைத் தாண்டி மேலே ஏற ஆரம்பித்தது. ஏசியை அணைத்துவிட்டு ஹீட்டரை முழுசாகத் திருப்பினேன். இன்ஜின் சூட்டில் கொஞ்சம் காருக்குள் வந்துவிடும், முள் இறங்கும். ஆனால் வந்ததோ வெறும் வெளிக்காற்று. இன்ஜின் கொதிக்கிறது, ஹீட்டரில் சூடு இல்லை என்றால், கூலன்ட் (இன்ஜினுக்குள் சுற்றி அதன் சூட்டைத் தணிக்கும் திரவம்) குறைந்துவிட்டது அல்லது சுற்றவே இல்லை. உடனே ஓரங்கட்டினேன்.

"மெதுவா உருட்டிட்டுப் போயிடலாமேப்பா, ஊரு பக்கத்துலதானே" என்றார் அப்பா. மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இன்ஜினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட் அலுமினியம். கூலன்ட் இல்லாமல் ஓடினால் வளைந்துவிடும், அதன் அடியில் கசியாமல் அடைக்கும் கேஸ்கட் போய்விடும். அதற்கு முன்னால் இப்போதைய ரிப்பேர் செலவு ஒரு செலவாகவே தெரியாது.

டீக்கடைக்காரர் ஒருவர் குடத்துத் தண்ணீரோடு ஓடி வந்தார். நல்ல மனுஷன். ஆனால் ரேடியேட்டர் மூடியில் கை வைக்க விடவில்லை. உள்ளே அழுத்தம் இருப்பதால்தான் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கிறது. மூடியைத் திறந்தால் அந்த நொடியே பொங்கி முகத்தில் அடிக்கும். அந்தத் தண்ணீரை அப்பா முகம் கழுவ வாங்கிக்கொண்டார்.

தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033க்கு அடித்தோம். வண்டி வந்து ஊருக்குள் ஒரு ஒர்க்‌ஷாப் வரை இழுத்துவிட்டது.

மே 10, வெள்ளி

மெக்கானிக் அண்ணன் டைமிங் பெல்ட்டின் கவரைக் கழற்றி டார்ச் அடித்துக் காட்டினார். கூலன்ட்டைச் சுற்றவைக்கும் வாட்டர் பம்பின் உடம்பில் பட்டாணி அளவுக்கு ஒரு ஓட்டை, அதிலிருந்து கீழே கூலன்ட் வழிந்த பச்சைக் கோடு, ஓரமெல்லாம் உப்புப் பூத்த மாதிரி வெள்ளை. உள்ளே இருக்கும் சீல் தேய்ந்தால் கசிவு பேரிங்குக்குள் போகாமல் வெளியே வரத்தான் அந்த ஓட்டையை விட்டிருக்கிறார்கள். "இது இன்னிக்கு வந்த கசிவு இல்ல சார். ரொம்ப நாளா சொட்டியிருக்கு, கவர் மறைச்சிருச்சு."

இந்த வண்டியில் பம்பைச் சுற்றுவதே, வால்வையும் பிஸ்டனையும் ஒத்திசைவாக ஓடவைக்கும் டைமிங் பெல்ட்தான். பேரிங் இறுகியிருந்தால் பெல்ட் பல் தாண்டி வால்வும் பிஸ்டனும் மோதியிருக்கும். நினைக்கவே பயமாக இருக்கிறது.

மே 11, சனி

பழைய பம்பைக் கையில் வாங்கிப் பார்த்தேன். தண்டை ஆட்டினால் ஆடுகிறது. கூலன்ட்டைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரின் இலைகளின் ஓரத்தைத் துரு தின்றிருக்கிறது. இந்தக் காரை முன்பு வைத்திருந்தவர் கூலன்ட்டுக்குப் பதில் போர் தண்ணீரையே ஊற்றி ஓட்டியிருக்கிறார் என்பது அண்ணனின் முடிவு. ரேடியேட்டரில் படிந்த சுண்ணாம்பைப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. கூலன்ட் என்பது குளிர்நாட்டுக்காரர்களுக்கு என்று நம் பக்கம் ஒரு நினைப்பு இருக்கிறது. துருப்பிடிக்காமல் காப்பதுதான் நம் ஊரில் அதன் பெரிய வேலை.

பம்போடு டைமிங் பெல்ட், அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர், வழிகாட்டும் ஐட்லர் எல்லாமே புதுசு போடச் சொன்னேன். கசிவில் நனைந்த பெல்ட்டைத் திரும்ப மாட்டவே கூடாது. எல்லாவற்றுக்கும் கூலி ஒன்றுதான். சாமான் விழுப்புரத்திலிருந்து வர வேண்டும். அப்பாவைப் பஸ் ஏற்றிவிட்டேன்.

மே 13, திங்கள்

பம்ப் ஏறியது. சிஸ்டத்தைக் கழுவி, கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி கலந்து ஊற்றினோம். ஹீட்டரைத் திறந்துவைத்து இன்ஜினை ஓடவிட்டு, காற்றுக் குமிழி எல்லாம் வெளியேறும்வரை காத்திருந்தோம். சூடேறியதும் கூலன்ட்டுக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட் திறந்ததும் ரேடியேட்டரின் கீழ்க்குழாய் சூடாயிற்று, ஃபேன் தானாக ஓடி நின்றது. ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கில் ஆயில், கூலன்ட் கலந்து பால் மாதிரி வெளுக்கவில்லை, கேஸ்கட் தப்பித்தது. தரையில் சிந்தியதை நானே கழுவிவிட்டேன். கூலன்ட் இனிக்கும், தெருநாய் நக்கினால் உயிருக்கே ஆபத்து.

மே 18, சனி

திருச்சி போய்த் திரும்பியாயிற்று. முள் நடுவிலேயே நின்றது. காலையில் ஆறிய இன்ஜினில் கூலன்ட் டப்பாவை (ரிசர்வாயர்) பார்த்தேன், அளவு குறையவில்லை. ரேடியேட்டரின் மேல்குழாய் மட்டும் கிளாம்ப் ஓரத்தில் லேசாக வெடிப்பு விட்டிருக்கிறது. திங்கட்கிழமை மாற்றிவிட வேண்டும்.