பழைய ரைஸ் மில்லை வீடாக்கும்போது கவனிக்க வேண்டியவை

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு பழைய ரைஸ் மில்லை வீடாக்கினோம். கட்டடத்தின் பூர்வீகம் தெரியாமல் கொத்தனாரை உள்ளே விடாதீர்கள்.

முதலில் வில்லங்கச் சான்று, அதாவது சொத்தின்மேல் நடந்த பதிவுகளின் பட்டியல். 1975-க்குப் பிந்தையது பெரும்பாலும் இணையத்திலேயே கிடைத்துவிடும். அதற்கு முந்தையது இணையத்தில் இல்லாவிட்டால் சார்பதிவகத்தில் மனுக் கொடுத்துத் தேட வேண்டும். ஊர் அப்போது வேறு சார்பதிவகத்தின் கீழ் இருந்திருக்கலாம். சர்வே எண்ணும் உட்பிரிவாகியிருக்கலாம். இரண்டையும் விசாரித்துக்கொண்டு போனால் அலைச்சல் மிச்சம். மூலப்பத்திரத்தில் நான்கு மாலோடு (நாற்புற எல்லைகளோடு) நிறுத்தாமல் சொத்து விவரத்தைக் கடைசி வரிவரை படியுங்கள். எங்கள் பத்திரத்தில் ஆயில் எஞ்சின், ஹல்லர் (நெல்லில் உமி நீக்கும் இயந்திரம்), நெல் அவிக்கும் தொட்டி எல்லாம் எழுதியிருந்தது. அடுத்த கிரயத்தில் எஞ்சின் இல்லை, மோட்டார்தான். பாபநாசம் நீர்மின் நிலையம் 1944-இல் ஓடத் தொடங்கிய பிறகு இந்தப் பக்கம் மோட்டாருக்கு வழி பிறந்தது. எஞ்சினைக் கழற்றி விற்றிருந்தாலும் அதன் மேடை தரைக்குள் கிடக்கும். கடப்பாரையால் தட்டினால் சத்தமே காட்டிக்கொடுக்கும்.

அந்த மேடையை பிரேக்கர் வைத்து உடைக்க வேண்டாம். அதிர்வில் சுண்ணாம்புக் காரைச் சுவர் விரிந்துவிடும். போல்ட்டுகளை அறுத்துவிட்டு மேலேயே தளம் போடலாம்.

ஓட்டின் அடியில் இருக்கும் கம்பெனி முத்திரையை வைத்து மட்டும் கட்டடத்துக்கு வயது சொல்லாதீர்கள். பழைய ஓடு கைமாறி வந்து ஏறுவது சகஜம்.

அதிக வேலை வாங்குவது எஞ்சின் அறைச் சுவர்தான். எண்ணெய் குடித்த பூச்சின்மேல் எதைப் பூசினாலும் பிடிக்காது. கறைக்கு மேலே ஒரு முழம் வரை செங்கல் தெரியச் சுரண்டி, சலவைச் சோடாக் கரைசலால் தேய்த்துக் கழுவிக் காயவிட வேண்டும். அங்கே சிமெண்ட் பூசினால் சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியேற வழியின்றி உப்புப் பூத்து, பூச்சு பாளமாக உரியும். அதற்குப் பதில் சுண்ணாம்புப் பூச்சுதான் சரி. நீற்றிய சுண்ணாம்பைக் குறைந்தது இரண்டு வாரம் தண்ணீரில் ஊறவிட்டு, ஒன்றுக்கு மூன்று மணல் சேர்த்து அரையுங்கள். கடுக்காய் ஊறிய தண்ணீர் விட்டால் பிடிப்பு நன்றாக இருக்கும். ஒரு பூச்சு அரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது. முந்தைய பூச்சு இறுகிய பிறகே அடுத்தது.

ஆடிக்காற்றில் பூச்சு வேலை வைக்காதீர்கள். மேல்புறம் சட்டென்று காய்ந்து மயிரிழை வெடிப்பு விழும். தவிர்க்க முடியாவிட்டால் மேற்குச் சன்னல்களை அடைத்து, ஈரச்சாக்கு தொங்கவிட்டு, ஒரு வாரமாவது லேசாகத் தண்ணீர் தெளித்து வாருங்கள்.