நகத்து அழுக்கு

தூக்கம் வராத ராத்திரியில் மறுபடி பழைய சுமேரியப் பெண் தெய்வம் இனன்னாவின் கதை. பாதாளத்துக்கு இறங்கிப் போகிறாள். அதற்கு ஏழு வாசல். ஒவ்வொன்றிலும் கிரீடம், நீலமணி மாலை என்று ஒன்று கழன்று, கடைசியில் பிணமாகக் கொக்கியில் தொங்குகிறாள்.

அவளை மீட்க என்கி என்ற கடவுள் அனுப்பியது படையை அல்ல. தன் நக அழுக்கைச் சுரண்டி இரண்டு உருவங்கள் செய்கிறார். ஈ மாதிரி கதவைத் தாண்டி அவை உள்ளே போனால், பாதாள ராணி எரேஷ்கிகல் பிள்ளை பெற்றவளைப் போல முனகிக் கிடக்கிறாள். “ஐயோ, என் நெஞ்சே!” என்றால் இவையும் “ஐயோ, உன் நெஞ்சே!” என்கின்றன. அவ்வளவுதான் வித்தை. கூட அழ ஆள் கிடைத்ததில் இளகி, என்ன வேண்டும் என்கிறாள். கொக்கியில் தொங்குவதைக் கேட்கின்றன.

சரி, இனன்னா உயிரோடு திரும்பி வந்தால்? புருஷன் துமுசி நல்ல உடுப்பில் ஜம்மென்று சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்கிறான். பதிலுக்கு ஆள் கேட்டுக் கூடவே வந்த பேய்களிடம் அவனைக் காட்டிவிட்டாள்.