மூன்று பெண்களுக்குப் பிறகு

நிகழ்தகவுப் பாடத்தில் சூத்திரம் யாரையும் திணறடிப்பதில்லை. ‘மூன்றும் பெண்ணாகப் பிறந்த வீட்டில் நான்காவது ஆணாக இருக்க நிகழ்தகவு என்ன?’ என்று கேட்டதும்தான் வகுப்பு பிரியும். சிலர் 15/16 என்பார்கள், சிலர் 1/16 என்பார்கள். விடை 1/2.

அந்த இரண்டும் வேறு கேள்விகளுக்குச் சரியான விடைகள். ஒரு பிள்ளைகூடப் பிறக்கும் முன் ‘நான்கில் ஓர் ஆணாவது’ என்று கேட்டால் 15/16. ‘முதல் மூன்றும் பெண், அடுத்தது ஆண்’ என்று கேட்டால் 1/16. ஆகவே தவறு பெருக்கலில் இல்லை. எந்த நேரத்தில் நின்று கேட்கிறோம் என்பதில் இருக்கிறது.

இதை வாயால் விளக்கிப் பயனில்லை, எழுத வைக்க வேண்டும். ஆ, பெ என்ற எழுத்துகளால் 16 வரிசைகளையும் எழுதச் சொல்லுங்கள். பெபெபெ என்று தொடங்காத 14 வரிசைகளையும் அடிக்கச் சொல்லுங்கள். மிஞ்சுவது பெபெபெஆ, பெபெபெபெ இரண்டுதான். ‘இந்த முறையாவது’ என்ற எதிர்பார்ப்புக்கு அங்கே இடமே இல்லை. தந்தையின் விந்தணு எக்ஸ் குரோமோசோம் கொண்டதா, ஒய் குரோமோசோம் கொண்டதா என்பதுதான் பாலினத்தைத் தீர்மானிக்கிறது. முன்பு பிறந்தவர்களின் கணக்கு அதற்குத் தெரியாது. இதற்காகத் தாயைக் குறை சொல்வது அநியாயம் என்பதையும் அதே வகுப்பில் சொல்லிவிட வேண்டும்.

சரிபாதி என்பதும் தோராயமே. லண்டன் ஞானஸ்நானப் பதிவேடுகளில் 82 ஆண்டுகளிலும் ஆண்களே அதிகம் என்பதை ஸ்காட்லாந்து மருத்துவர் ஜான் ஆர்பத்நாட் 1710-லேயே கவனித்தார். பொதுவாக 100 பெண்களுக்குச் சுமார் 105 ஆண்கள் பிறக்கிறார்கள். அதாவது ஆணுக்கு 0.512. அப்போது 16 வரிசைகளும் சமவாய்ப்புள்ளவை அல்ல, எண்ணிப் பார்த்து விடை சொல்ல முடியாது. நான்கும் பெண்ணாக இருக்க 0.488-ஐ நான்கு முறை பெருக்க வேண்டும்: 0.0567, அதாவது 1/16-ஐவிடச் சற்றுக் குறைவு. ஆனால் சார்பின்மை, அதாவது ஒரு பிறப்பு அடுத்த பிறப்பைப் பாதிக்காத தன்மை, அப்படியே இருக்கிறது. சமவாய்ப்பும் சார்பின்மையும் ஒன்றென்று நினைப்பவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள்.

வினாத்தாள் தயாரிப்பவர்களும் சொற்களை நிறுத்து எழுத வேண்டும். ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகள். ‘மூத்தது ஆண்’ என்றால் இரண்டும் ஆணாக இருக்க 1/2. ‘ஒன்றாவது ஆண்’ என்றால் 1/3, ஏனெனில் ஆஆ, ஆபெ, பெஆ மூன்றும் மிஞ்சுகின்றன. ‘ஒரு பிள்ளை ஆண்’ என்று மொட்டையாகக் கேட்டுவிட்டு மதிப்பெண் குறைப்பது சரியல்ல.

இரட்டையர் கணக்கு வந்தால் இன்னும் கவனம் தேவை. ஒரே கருமுட்டையிலிருந்து பிரிந்தவர்கள் ஒரே பாலினத்தவர். அங்கே 1/2 × 1/2 என்று பெருக்கக் கூடாது.