சான்றிதழில் என்ன எழுதுவது?

தருமபுரியில் நான் வேலை பார்க்கும் அரசுக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டின் முதல் பட்டதாரிகள். பென்னாகரம், பாலக்கோடு, அரூர் பக்கமிருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள். சேர்வது பெரிய காரியமில்லை, மூன்று வருடம் தாக்குப்பிடிப்பதுதான் கஷ்டம். ஓசூரிலோ பெங்களூரிலோ வேலை கிடைத்தால் பையன் நின்றுவிடுவான். வரன் அமைந்தால் பெண் நின்றுவிடுவாள். இவர்களை இழுத்துப் பிடித்துப் படிக்க வைக்கிற பணியாளர்களை ஆண்டு விழாவில் பாராட்டுவது என்று முடிவானது. தேர்வுக் குழுவில் என்னையும் போட்டார்கள்.

முதல் கூட்டத்திலேயே இழுபறி. கையில் இருந்த படிவம் எத்தனை ஆராய்ச்சிக் கட்டுரை, எத்தனை கருத்தரங்கம் என்றுதான் கேட்டது. அதற்கெல்லாம் பதவி உயர்விலேயே கணக்கு உண்டு. தற்காலிகமாக வேலை பார்க்கும் கௌரவ விரிவுரையாளர்களும் அலுவலகத்தில் இருப்பவர்களும் அந்தப் படிவத்துக்குள் வரவே மாட்டார்கள். வழிகாட்டி ஆசிரியர் நோட்டைப் பார்க்கலாம் என்றார் ஒருவர். கல்லூரிகளைத் தரமதிப்பீடு செய்யும் நாக் குழு வந்தால் காட்டுவதற்கென்று எழுதி வைக்கிற நோட்டு அது. பக்கத்துக்குப் பக்கம் 'அறிவுரை வழங்கப்பட்டது' என்றே இருக்கும்.

கடைசியில் இறுதியாண்டு மாணவர்களிடமே கேட்டோம். எழுதுகிறவர் பேர் போட வேண்டாம். ஒரே கேள்வி: படிப்பை நிறுத்திவிடலாம் என்று தோன்றியபோது யார், என்ன செய்தார்கள்? பிடித்த ஆசிரியர் யார் என்று கேட்டிருந்தால் இன்டர்னலில் தாராளமாக மார்க் போடுகிறவர் ஜெயித்திருப்பார்.

சீட்டுகளில் அதிகம் வந்தது அலுவலகத்தில் இருக்கும் இளநிலை உதவியாளர் அக்காவின் பெயர். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வர வேண்டும். வங்கிக் கணக்கோடு ஆதார் சரியாக இணையவில்லை என்றால் பணம் வராது. அந்த அக்கா பள்ளிக்கே போன் போட்டு எமிஸ் எண், அதாவது பள்ளியில் மாணவருக்குத் தரும் அடையாள எண்ணை, வாங்கித் தருவாராம். வங்கியில் எந்தக் கவுன்டரில் என்ன கேட்க வேண்டும் என்று துண்டுத்தாளில் எழுதியே கொடுத்து அனுப்புவாராம். அடுத்ததாக வந்தவர், அரியர் வைத்தவர்களை மதிய ஷிப்ட் தொடங்குமுன் உட்கார வைத்துக் கணக்கு சொல்லித் தந்த கௌரவ விரிவுரையாளர். சீட்டை மட்டும் நம்பாமல் வருகைப் பதிவேட்டையும் பெரியார் பல்கலைக்கழக ரிசல்ட்டையும் எடுத்து ஒப்பிட்டோம். பொருந்தி வந்தது.

சான்றிதழில் 'சிறந்த சேவை' என்று பொத்தாம்பொதுவாக எழுதக் கூடாது, செய்த வேலையை அப்படியே எழுத வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். விரிவுரையாளர் நாளை வேறு இடத்துக்கு விண்ணப்பித்தாலும் அந்த வரி பேசும்.

ஒருவர் விஷயத்தில் மட்டும் அந்தப் பிடிவாதம் செல்லவில்லை. மாணவி ஒருத்தியின் வீட்டுக்கே போய், பெற்றோரிடம் பேசி, கல்யாணப் பேச்சைத் தள்ளிவைக்கச் செய்த பேராசிரியை அவர். அதை மேடையில் வாசித்தால் எந்தப் பெண் என்று ஊரே கண்டுபிடித்துவிடும். அந்தப் பெண்ணுக்கு இன்னும் ஒரு செமஸ்டர் பாக்கி இருந்தது. அதனால் அவருக்கு மட்டும் 'மாணவியர் நலன்' என்று மொட்டையாகத்தான் போட்டோம். "அதுவே போதும் சார், பேரை வெளியே விட்டுடாதீங்க" என்றார்.

அலுவலகத்து ஆளுக்கு முதல் மரியாதையா என்று மூத்தவர்கள் சிலருக்கு வருத்தம். அடுத்த ஆண்டு ஆசிரியரல்லாதோருக்குத் தனிப் பிரிவு வைக்கச் சொல்கிறார்கள். பிரித்தால் அது ஆறுதல் பரிசாகிவிடும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். கல்லூரி முதல்வர் இன்னும் முடிவு சொல்லவில்லை.